டிக்கின்சோனியா சார்ட்: கோத்தகிரி வட்டப் பள்ளி ஒன்றில் நடந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தில் ஒரு மேல்நிலைப்பள்ளி. அதன் அறிவியல் மன்றம் 2021 இறுதியில் பழங்கால விசித்திர விலங்குகளைப் பற்றி நான்கு சுவர் சார்ட்டுகள் தயாரித்தது. ஒன்றரை ஆண்டுக்குள், அதில் ஒன்றான டிக்கின்சோனியா என்ற தட்டையான பழங்கால உயிரியின் சார்ட்டில் ஒட்டியிருந்த இந்தியப் புதைபடிவம் புதைபடிவமே இல்லை என்றானது. அந்தச் செய்தி வருவதற்கு முன்பே மன்றத்துக்குள் அதைப் பற்றி ஒரு சந்தேகம் எழுந்திருந்தது. சந்தேகத்தை என்ன செய்தார்கள், செய்தி வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே இந்தப் பதிவு.

அந்த மன்றத்துக்கு வெளியிலிருந்து அவ்வப்போது போய் உதவியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பொறுப்பாசிரியையின் குறிப்பேட்டையும் சார்ட்டுகளின் புகைப்படங்களையும் அவருடைய அனுமதியோடு பயன்படுத்தியிருக்கிறேன். பள்ளி, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் எவர் பெயரும் இங்கே இல்லை.

பின்னணி

நீலகிரியில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. மலையின் பெரும்பகுதி சார்னகைட் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அந்தக் காலத்தில் எலும்பும் ஓடும் உள்ள உயிர் எதுவும் இல்லை. நுண்ணுயிர்களின் தடம் ஏதாவது இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் மிஞ்சியிருக்காது. அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓடைக்கரையில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவம் கிடைக்கும். கோத்தகிரிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் படமும் கைப்பேசித் திரையும்தான். தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றைக் கற்கும்போது படத்தில் இருப்பதை அப்படியே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் இதில் வேர் உண்டு.

கொரோனாவுக்குப் பின் 2021 செப்டம்பரில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்தன. ஆய்வகத்தில் கூட்டம் சேர்க்கத் தயக்கம் இருந்ததால், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையாகச் சார்ட் தயாரிப்பை விலங்கியல் ஆசிரியை தேர்ந்தெடுத்தார். மன்றத்தில் படுகர் வீட்டுப் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தேயிலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும், கீழ்ச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து வரும் ஆலு குறும்பர், இருளர் மாணவர்களும் இருந்தார்கள்.

தேர்ந்தெடுத்த விலங்குகள் நான்கு: ஹாலுசிஜீனியா, அனோமலோகாரிஸ், டிக்கின்சோனியா, திராவிடோசாரஸ். ஒவ்வொரு சார்ட்டிலும் நடுவில் படம், கீழே பெயர், காலம், கிடைத்த இடம், கடைசியாக ஒரு கட்டம். கட்டத்தின் தலைப்பு ‘தொகுதி’. அதில் ஒரே ஒரு பதில் எழுத இடம் விட்டிருந்தார்கள். ஒரு மதிப்பெண் வினாவின் பழக்கம் அப்படியே சார்ட்டுக்கு வந்துவிட்டது என்று பின்னாளில் ஆசிரியை சொன்னார்.

முதல் வரைவில் தெரியவந்தவை

சிக்கல் ஹாலுசிஜீனியாவில் தொடங்கியது. ஒரு மாணவன் நூலகத்துப் பழைய கலைக்களஞ்சியத்திலிருந்து வரைந்து வந்தான். அதில் விலங்கு நீண்ட முட்களைக் கால்களாக ஊன்றி நின்றது. முதுகில் குழாய் போன்ற உறுப்புகள் வரிசையாக ஆடின. இன்னொருவன் கைப்பேசியில் பார்த்து வரைந்தது தலைகீழ்: முள் முதுகில், குழாய்கள் கால்கள். ‘ஒண்ணு அச்சுப் பிழை, மிஸ்’ என்று இருவருமே சொன்னார்கள். பிழை மற்றவனுடையது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

ஆசிரியை எது சரி என்று சொல்லவில்லை. படம் எந்த ஆண்டு வெளியான நூலில் வந்தது என்பதைப் பக்கத்தில் எழுதச் சொன்னார். ஆண்டைத் தேடப் போன மாணவர்கள் ஒரு முழு வரலாற்றோடு திரும்பினார்கள்.

கனடாவின் பர்ஜெஸ் ஷேல் படுகைகளை 1909-இல் கண்டறிந்த சார்லஸ் வால்காட், 1911-இல் இந்தச் சிறு உயிரியைக் கனேடியா என்ற பேரினத்தில் வைத்து வளைதசைப் புழு என்று வகைப்படுத்தினார். ஒரு சில சென்டிமீட்டர் நீளமே உள்ள, சுமார் 50.8 கோடி ஆண்டுப் பழமையான உயிரி அது. சைமன் கான்வே மாரிஸ் 1977-இல் அதை மறுபடி ஆராய்ந்து, எந்தப் புழுவோடும் பொருந்தவில்லை என்று கண்டு, ஹாலுசிஜீனியா என்று புதுப் பெயர் வைத்தார். முள்ளில் நிற்கும் படம் அவருடைய விளக்கத்திலிருந்து வந்தது. சீனாவின் செங்ஜியாங் படுகைகளில் இதைப் போன்ற, ஆனால் கால்கள் தெளிவாகத் தெரிகிற உயிரிகள் கிடைத்த பிறகு, லார்ஸ் ராம்ஷோல்ட், ஹோ சியன்குவாங் இருவரும் 1991-இல் விலங்கைத் திருப்பிப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ராம்ஷோல்ட் பழைய மாதிரியிலேயே பாறையைச் சுரண்டிப் பார்த்து, கால்கள் ஒற்றை வரிசையல்ல, இரட்டை என்று காட்டினார். 2014-இல் அதன் நகங்களின் அடுக்கு அமைப்பை வைத்து, இன்றும் வாழும் வெல்வெட் புழுக்களின் உறவு என்றார்கள். 2015-இல் மார்ட்டின் ஸ்மித்தும் ஜான்-பெர்னார்ட் காரோனும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்களும் பற்களும் தெரிந்தன. அதுவரை பலர் தலை என்று எண்ணிய உருண்டையான கறை, புதைந்தபோது உடலிலிருந்து பிதுங்கிய திரவம். தலை மறுகோடியில் இருந்தது.

ஆக அந்த உயிரிக்கு முதலில் மேலும் கீழும் மாறின, பிறகு முன்னும் பின்னும். இரண்டு மாணவர்கள் கொண்டுவந்த படத்திலும் அச்சுப் பிழை இல்லை.

அனோமலோகாரிஸ் கதை வேறு விதமானது. 1892-இல் ஜோசப் வைட்டீவ்ஸ் ஒரு முழு இறால் வகை உடல் என்று விவரித்தது உண்மையில் ஒரு பெரிய விலங்கின் முன்புறப் பிடிகை மட்டுமே. அதே கூட்டத்து விலங்குகளின் வட்ட வாயை வால்காட் ஜெல்லி மீன் என்றார். உடலைக் கடல் அட்டை என்றார். ஹாரி விட்டிங்டனும் டெரிக் பிரிக்ஸும் 1985-இல் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முழு விலங்கைக் காட்டினார்கள். இதை எழுதிய பிளஸ் ஒன் மாணவி சார்ட்டில் மூன்று தனித்தனிப் படங்களை வரைந்து, நான்காவதாக அவற்றை ஒன்று சேர்த்தாள். நான்கு சார்ட்டுகளில் பார்த்தவுடன் புரிவது அதுதான்.

திராவிடோசாரஸ் நம் ஊருக்கு நெருக்கமானது. அரியலூர்ப் பகுதி கிரெட்டேசியஸ் படுகையிலிருந்து கிடைத்ததை யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1979-இல் முதுகில் தகடுள்ள ஸ்டெகோசார் வகை டைனோசார் என்று விவரித்தார்கள். 1990களில் சங்கர் சாட்டர்ஜி இது டைனோசாரே அல்ல, கடலில் நீந்திய பிளீசியோசார் வகை ஊர்வனவின் சிதைந்த எலும்பு என்றார். 2017-இல் பீட்டர் கால்டனும் அய்யாசாமியும் மறுபடி ஸ்டெகோசார் பக்கம் நின்றார்கள். இதை ஒரே கட்டத்தில் எப்படி எழுதுவது?

முதல் முடிவு: கட்டத்தை மாற்றியது

‘தொகுதி’ கட்டத்தை எடுத்துவிட்டு, நான்கு பத்திகள் உள்ள அட்டவணை வைப்பது என்று ஆசிரியை முடிவு செய்தார். ஆண்டு, சொன்னவர், எதை வைத்துச் சொன்னார், என்ன சொன்னார். மூன்றாவது பத்தி கட்டாயம். பெயர் மாறியது என்று மட்டும் எழுதினால், அறிஞர்கள் மனம்போன போக்கில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். புதிதாக என்ன கிடைத்ததால் மாறியது என்று எழுதினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பொருள் கையில் நிற்கும்: செங்ஜியாங் மாதிரிகள், சுரண்டிய பாறை, நகம், நுண்ணோக்கி.

தலைமையாசிரியருக்குத் தயக்கம் இருந்தது. கண்காட்சிக்கு வரும் நடுவர் ஒரு நிமிடம்தான் நிற்பார், இவ்வளவு எழுத்தை யார் படிப்பார் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். படத்தைப் பெரிதாக வைத்து, அட்டவணையைக் கீழே சிறிய எழுத்தில் வைப்பது என்று சமரசமானது.

டிக்கின்சோனியா சார்ட்

டிக்கின்சோனியா தட்டையான, நீள்வட்டமான, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் வரிவரியாகப் பிரியும் உடலமைப்புக் கொண்டது. தென் ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் கிடைத்ததை ரெக் ஸ்பிரிக் 1947-இல் விவரித்தார். ஜெல்லி மீன் போன்றது என்றார்கள், புழு என்றார்கள், ராட்சத ஒற்றைச் செல் உயிரி என்றார்கள், லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) என்றுகூடச் சொன்னவர் உண்டு. 2018-இல் ரஷ்யாவின் வெண்கடல் பகுதி மாதிரிகளில் கொலஸ்டிரால் சார்ந்த மூலக்கூறுகள் கிடைத்ததும் விலங்கு என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

இந்தச் சார்ட்டைச் சேர்க்கக் காரணம் அதன் இந்தியத் தொடர்பு. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைகளில், ‘ஆடிட்டோரியம்’ என்று அழைக்கப்படும் குகையில், தரையிலிருந்து சுமார் 11 அடி உயரத்தில் டிக்கின்சோனியா பதிவு இருப்பதாக கிரிகரி ரெட்டலாக்கும் உடனாய்வாளர்களும் 2021-இல் வெளியிட்டார்கள். நீளம் ஏறத்தாழ 17 அங்குலம். நிலவியல் மாநாடு ஒன்றுக்காக 2020-இல் வந்தவர்கள் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டது. இந்தியாவில் கிடைத்த முதல் டிக்கின்சோனியா என்று நாளிதழ்கள் எழுதின. சுவாரசியம் என்னவென்றால், டிக்கின்சோனியாவை லைக்கன் என்று நெடுநாள் வாதிட்டவரும் இதே ரெட்டலாக்தான்.

சார்ட்டில் ஒட்ட ஆசிரியை அந்தப் படத்தை வண்ணத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்த அன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது குறிப்பேட்டில் அவள் சொன்னபடியே இருக்கிறது: ‘மிஸ், பெருந்தேன் ஈ போன பொறவு பாறையில இப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் உதிர்ந்துரும்.’

மாணவி ஆலு குறும்பர் குடும்பத்தைச் சேர்ந்தவள். அப்பா பருவத்தில் பாறைத்தேன் எடுக்கப் போகிறவர். பெருந்தேனீ பாறையின் தொங்குமுகத்தில் ஒற்றை அடையாகக் கூடு கட்டும். பருவம் முடிந்ததும் கூட்டம் இடம்பெயர்ந்துவிடும். வெற்று அடை காய்ந்து விழுந்தபின் அடிப்பகுதி பாறையில் ஒட்டியபடி நிற்கும்.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பெரிய வகுப்பு மாணவன் ஒருவன் ‘அவங்க பிஹெச்டி முடிச்சவங்க’ என்றான். இந்த இடத்தில் ஆசிரியை செய்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் மாணவியைப் பாராட்டவும் இல்லை, அடக்கவும் இல்லை. ‘எங்க பார்த்தே? எவ்வளவு பெருசு? எத்தனை நாள் அப்படி இருக்கும்?’ என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் அவள் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு அப்பாவைக் கேட்க வேண்டும் என்றாள்.

சந்தேகத்தைச் சோதித்தது

பாறைமுகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் யோசனையை ஆசிரியை அப்போதே மறுத்தார். பெருந்தேனீக் கூடுகள் இருக்கும் செங்குத்துச் சரிவு அது. எந்தச் சார்ட்டும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. பதிலாக மாணவியின் அப்பா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தார். கைவிடப்பட்ட கூட்டிலிருந்து தானாக விழுந்த அடையின் அடித்துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

‘மழை படாத எடத்துல ரெண்டு மூணு வருசம்கூட நிக்கும், டீச்சரம்மா. சாரல் அடிக்கிற பக்கம்னா அந்த வருசமே போயிரும்’ என்றார். குகைக்குள் என்றால் எப்படி என்று ஆசிரியை கேட்டதற்கு, தான் அந்தக் குகையைப் பார்க்கவில்லையே என்றார். அதற்கு மேல் அவர் ஊகம் எதுவும் சொல்லவில்லை.

துண்டையும் அச்செடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் கைலென்ஸில் பார்த்தார்கள். பொருந்தியவை: நீள்வட்ட வெளிக்கோடு, ஏறத்தாழ ஒத்த அளவு, ஓரத்தை நோக்கி ஓடும் நெருக்கமான வரிகள். பொருந்தாதது: டிக்கின்சோனியாவுக்குச் சொல்லப்படும் நடுக்கோடு. அடையில் அப்படி ஒன்றில்லை. அடித்துண்டின் ஓரத்தில் அறுகோண அறைகள் தெரிந்தன; நாளிதழ்ப் படத்தில் அந்த அளவுக்குத் துல்லியம் இல்லாததால் அறைகள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஆகவே முக்கியமான கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

பிறகு ஆசிரியை கேள்வியைத் திருப்பினார். இது புதைபடிவமா, கூட்டின் மிச்சமா என்று தீர்மானிக்க அந்தக் குகையில் என்ன பார்க்க வேண்டும்? ஒரு வாரம் கழித்து மாணவர்கள் கொண்டுவந்த விடைகளில் நான்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். கல்லில் பதிந்த தடம் சில ஆண்டில் உரிந்து வராது, மெழுகு வரும். கடலடி வண்டலில் விழுந்த உயிரி படுகைத் தளத்தோடு கிடையாகப் பதியும். வண்டல் அடுக்குக்குக் குறுக்கே நிற்காது. ஒன்று இருக்கும் படுகையில் வேறு சிலவும் இருக்க வேண்டும். பாறையின் வயதை வேறு முறையில் கணித்தாலும் அதே விடை வர வேண்டும்.

கடைசி விடையைச் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்தான் முன்பு ‘பிஹெச்டி’ என்றவன். அதைத் தேடிப் போனபோது, பீம்பேட்கா பாறைகள் சேர்ந்த விந்தியப் பாறை அடுக்குகளின் மேல்பகுதி வயதில் ஏற்கெனவே பெரிய கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்தது. டிக்கின்சோனியா அங்கே இருந்தால் பாறைக்குச் சுமார் 55 கோடி ஆண்டு வயது. சிர்கான் படிகங்களை வைத்துக் கணித்தவர்கள் ஏறத்தாழ 100 கோடி என்றார்கள். 45 கோடி ஆண்டு இடைவெளி என்பது டைனோசார் தோன்றியது முதல் இன்றுவரையான காலத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு புதைபடிவத்தின் பெயர் ஒரு மலைத்தொடரின் வயதையே இழுத்துக்கொண்டு போகிறது என்பது மாணவர்களுக்கு இங்கேதான் உறைத்தது.

இரண்டாவது முடிவு: துண்டுச் சீட்டு

மூன்று வழிகள் இருந்தன. வெளியான கட்டுரை சொல்வதை மட்டும் எழுதுவது ஒன்று. பீம்பேட்கா பகுதியையே நீக்கிவிட்டு ஆஸ்திரேலியாவோடு நிறுத்துவது இன்னொன்று. தலைமையாசிரியர் இதைத்தான் விரும்பினார். மூன்றாவது, கட்டுரையின் முடிவை அட்டவணையில் எழுதி, கீழே தனிச் சீட்டில் கேள்வியை வைப்பது.

ஆசிரியை மூன்றாவதை எடுத்தார். காரணத்தை எழுதியும் வைத்திருக்கிறார்: அட்டவணையில் ஒரு வரியாக வரும் அளவுக்கு மாணவியின் கருத்துக்கு ஆதாரம் இல்லை, யாரும் இடத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கேள்வியாக வைக்க அவளிடம் நேரடி அனுபவம் இருக்கிறது. சீட்டின் வாசகம்: ‘கேள்வி: பெருந்தேனீக் கூட்டின் தடமாக இருக்கக்கூடுமா? ஒத்திருப்பவை: வெளிக்கோடு, அளவு, வரிகள். ஒத்திராதது: நடுக்கோடு. பார்க்க வேண்டியது: உரிகிறதா, அறுகோண அறை உண்டா, படுகையோடு கிடையாக உள்ளதா.’ தேதி போட்டு, குண்டூசியால் குத்தினார்கள். ‘ஒத்திராதது’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது மாணவியேதான்.

கண்காட்சி

2022 மார்ச்சில் பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சியில் நான்கு சார்ட்டுகளும் வைக்கப்பட்டன. பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் திராவிடோசாரஸ் சார்ட்டைப் பார்த்து ‘முடிவு என்னன்னே போடலையே’ என்றார். டிக்கின்சோனியா சீட்டைப் படித்தவர், ஆய்விதழில் வந்ததைப் பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்பது ‘அதிகப்பிரசங்கித்தனம்’ என்று சொல்லிப் போனதாகக் குறிப்பில் இருக்கிறது. மாணவி பதில் பேசவில்லை. ஆசிரியையும் அங்கே வாதிடவில்லை.

நடுவர் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. ஆய்விதழில் வந்ததை வெறும் தோற்றத்தை வைத்து மறுத்திருந்தால் அது அதிகப்பிரசங்கித்தனம்தான். சீட்டில் மறுப்பு இல்லை, பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது. அந்த வித்தியாசம் ஒரு நிமிடத்தில் கண்ணில் படும்படி சார்ட் அமையவில்லை என்பதும் உண்மை.

2023

2023-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் மீர்ட்டும் உடனாய்வாளர்களும் பீம்பேட்காவுக்கு நேரில் போய்ப் பார்த்ததை வெளியிட்டார்கள். 2021 கட்டுரை வந்த அதே ஆய்விதழில்தான் இதுவும் வந்தது. ‘புதைபடிவம்’ பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அது படுகையோடு கிடையாக இல்லாமல் குகைச் சுவரில் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தது. தேன்கூட்டு அமைப்பு தெரிந்தது. சுற்றிலும் பெருந்தேனீக் கூடுகளும் அவற்றின் மிச்சங்களும் இருந்தன. சிதைந்துகொண்டிருந்த தேன்கூடு அது. பாறைக்கு 100 கோடி ஆண்டு என்ற கணிப்புக்கு இருந்த முட்டுக்கட்டை நீங்கியது. ரெட்டலாக் மறுத்து நிற்கவில்லை. புதிய ஆதாரத்தைப் பார்த்துத் தன் முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆசிரியை அந்தச் செய்தியை மன்றத்தில் வாசித்தார். அட்டவணையில் 2021 வரியை அடிக்காமல், அதன் கீழே 2023 வரியைச் சேர்த்தார்கள். ‘எதை வைத்து’ பத்தியில்: உரிதல், செங்குத்து நிலை, தேன்கூட்டு அமைப்பு, சுற்றியுள்ள கூடுகள். சீட்டிலிருந்த மூன்று சோதனைகளும் இதில் இருந்தன. சீட்டில் இல்லாதது சுற்றியுள்ள கூடுகள். அது நேரில் போனவருக்குத்தான் தெரியும். நடுக்கோடு பற்றிய வரியையும் அப்படியே விட்டார்கள்.

மூன்றாவது முடிவு: செய்தியாக்காமல் விட்டது

விஷயம் பள்ளிக்கு வெளியே பரவியது. உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் மாணவியைப் படமெடுக்க வந்தார். அவர் மனதில் இருந்த தலைப்பு, வெளிநாட்டு அறிஞர்களை வென்ற பழங்குடி மாணவி என்பது. தலைமையாசிரியருக்கு இப்போது ஆர்வம் வந்திருந்தது. பள்ளிக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்றார்.

ஆசிரியை மாணவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே பேசினார். அப்பா, ‘நாங்க பார்த்ததைச் சொன்னோம். அவங்க போய்ப் பார்த்து எழுதுனாங்க. இதுல ஜெயிக்கிறது எங்க வந்துச்சு?’ என்றார். மாணவிக்குப் படம் வருவதில் விருப்பம் இல்லாமலில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய நேரம் என்பதால் வேண்டாம் என்றாள். ஆசிரியையின் காரணம் வேறு. புளோரிடாக் குழுவுக்கு இந்தச் சீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. கண்டுபிடிப்பு முழுக்க அவர்களுடையது. மாணவி ‘இருக்கக்கூடுமா’ என்று கேட்டதை ‘இதுதான்’ என்று சொன்னதாக மாற்றினால், அவள் கவனமாக எழுதியதே வீணாகும். தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார். செய்தி வரவில்லை.

இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. தேன் எடுப்பவரின் அறிவு வகுப்பறையில் எடுபடாது என்று எண்ணுகிற பிள்ளைகள் மலையில் நிறைய இருக்கிறார்கள். அளவோடு எழுதப்பட்ட ஒரு செய்தி அவர்களுக்கு உதவியிருக்கலாம். ஆனால் அளவோடு எழுதப்படும் என்ற உறுதியை அந்தச் செய்தியாளர் தரவில்லை.

பிறகு நடந்தவை

அடுத்த கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வில், பள்ளி அளவில் தயாரித்த வினாத்தாளில் திராவிடோசாரஸ் எந்தப் பிரிவு என்று ஒரு மதிப்பெண் வினா வந்தது. இரண்டு மாணவர்கள், ‘1979, 2017 – ஸ்டெகோசார், 1990கள் – பிளீசியோசார் என்ற மறுப்பு உண்டு’ என்று எழுதினார்கள். திருத்திய ஆசிரியர் முதலில் மதிப்பெண் தரவில்லை. விலங்கியல் ஆசிரியை பேசிய பின் தந்தார். ‘ஸ்டெகோசார்’ என்று மட்டும் எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் உண்டு. பொதுத்தேர்வில் இப்படி எழுதக் கூடாது, பாடநூல் சொல்வதை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதை ஒளிக்காமல் சொன்னது நல்லது என்றே நினைக்கிறேன்.

மன்றம் ஐந்தாவதாக டல்லி மான்ஸ்டர் சார்ட்டைச் சேர்த்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிரான்சிஸ் டல்லி என்ற சேகரிப்பாளர் 1950களில் கண்டெடுத்த, 30 கோடி ஆண்டுக்கு மேல் பழமையான உயிரி. 2016-இல் முதுகெலும்பி என்றார்கள், 2017-இல் மறுப்பு வந்தது, 2023-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முப்பரிமாண அளவீடுகளை வைத்து மறுபடி மறுத்தார்கள். இதைத் தயாரித்த பிள்ளைகள் யாரும் ‘எது சரி, மிஸ்?’ என்று கேட்கவில்லை. ‘2016-இல எதைப் பார்த்தாங்க?’ என்று கேட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

ஆசிரியையும் நானும் பேசி ஒத்துக்கொண்டவை இவை. முதல் நாளிலிருந்தே அட்டவணை முறையில் தொடங்க வேண்டும்; ‘தொகுதி’ கட்டத்தில் எழுதிய பின் மாற்றியதில் பிள்ளைகளின் உழைப்பு வீணானது. ஒரு புதைபடிவம் நேரில் எடுத்து ஆராயப்பட்டதா, படத்தை வைத்து மட்டும் விவரிக்கப்பட்டதா என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும். பீம்பேட்கா உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே பாறையைப் பெயர்த்து மாதிரி எடுக்க முடியாது. இந்த ஒரு விவரம் சார்ட்டில் இருந்திருந்தால் நடுவருக்குச் சீட்டின் அவசியம் புரிந்திருக்கும்.

தேன் எடுப்பவர், விறகு வெட்டுபவர், தேயிலை பறிப்பவர் என்று பெற்றோரை மன்றத்துக்கு அழைப்பதை, சந்தேகம் வந்த பிறகு செய்யாமல் ஆண்டுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். ஆனால் தேன் பருவத்தில் அழைக்கக் கூடாது. அவர்களுக்கு அந்த மாதங்களில் ஒரு நாள் வருமானம் போவது பெரிய இழப்பு. அந்த அப்பா சனிக்கிழமை வந்ததற்குப் பள்ளி பேருந்துச் செலவுகூடத் தரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது மன்றக் கணக்கில் அதற்கு ஒரு தலைப்பு இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். முதல் நான்கு சார்ட்டுகளையும் கோத்தகிரியின் ஈரப்பதத்துக்குப் பயந்து லேமினேட் செய்துவிட்டார்கள். புது வரி சேர்க்கும்போதெல்லாம் பிளாஸ்டிக்கின் மேல் தாள் ஒட்ட வேண்டியிருந்தது, மழைக்காலத்தில் அது கழன்று விழுந்தது. டல்லி மான்ஸ்டர் சார்ட்டிலிருந்து படத்தை மட்டும் லேமினேட் செய்து, அட்டவணையைத் தனித்தாளில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள்.